கோல் முன்னே நின்று யோசித்தவர்

76 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கென் டிரைடன் கோல் காத்த மூன்று பருவங்களின் மொத்தக் கணக்கு இது. நியூயார்க் மாநிலத்தில் மலையும் ஏரியுமாகக் கிடக்கும் இத்தாகா என்ற சிற்றூரில், இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் அங்கே ஆடி முடித்தது 1969-இல்.

2025 செப்டம்பர் 5-ஆம் தேதி, 78-ஆம் வயதில், புற்றுநோயால் டிரைடன் காலமானார். வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியோடு அவர் வென்ற ஆறு ஸ்டான்லி கோப்பைகளில் தொடங்கின. வட அமெரிக்காவின் தொழில்முறை அணிகள் மோதும் தேசிய ஹாக்கி லீகின் உச்சப் பரிசு அது. பிறகு வழக்கறிஞர், எழுத்தாளர், அமைச்சர் என்று வரிசையாகப் போயின. எனக்கு அவர் முதலில் கல்லூரி கோலி, அதாவது கோல் காப்பாளர். மற்றதெல்லாம் அங்கிருந்துதான் கிளைத்தது என்று உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஹாக்கி என்றால் நம்மில் பலருக்கு மைதானமும் வெள்ளைப் பந்தும்தான் நினைவுக்கு வரும். இது பனித்தளத்தில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது. பந்துக்குப் பதிலாக பக் என்கிற கெட்டி ரப்பர் வட்டு. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன், ஏறக்குறைய 170 கிராம் எடை. துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறையவைப்பார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். மற்ற ஐந்து பேரும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்க வெளியே போய்விடுவார்கள், அடுத்த ஐந்து பேர் குதித்து வருவார்கள். கோலி மட்டும் அறுபது நிமிடமும் நிற்க வேண்டும். அதில் பாதி நேரம் பக் எதிர்முனையில் கிடக்கும். வேலை இருக்காது, ஆனால் கண்ணை எடுக்கவும் முடியாது. அந்தக் காத்திருப்பில் மனம் என்ன செய்கிறது என்பதில்தான் ஒரு கோலி இன்னொரு கோலியிடமிருந்து வேறுபடுகிறார்.

டிரைடன் என்ன செய்தார் என்பது படங்களிலேயே தெரியும். ஆறடி நாலங்குல உயரம். ஆட்டம் நின்றதும் ஸ்டிக்கைப் பனியில் செங்குத்தாக ஊன்றுவார். அதன் தலைப்பில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். அந்தக் கைகளின் மேல் முகத்தைச் சாய்த்துக்கொண்டு, உடல் எடையை முன்னால் விட்டு நிற்பார். இருபதாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும் அரங்கில், பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பேராசிரியரின் நிதானம். மான்ட்ரியலின் செயின்ட் லாரன்ட் பகுதியில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தபோதும் அதே நிலையில்தான் வடித்தார்கள். கோல் காப்பாளருக்குச் சிலை என்றால் பாய்ந்து தடுப்பதுபோல்தானே வைக்கத் தோன்றும்? சிற்பி சும்மா நிற்கும் கணத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர் டிரைடனைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் பிறந்தது 1947 ஆகஸ்ட் 8, கனடாவின் ஹாமில்டன் நகரில். வளர்ந்தது டொரன்டோவின் மேற்குப் பக்கமான எட்டோபிகோவில். அப்பா மர்ரே டிரைடன் வீட்டுப் பின்கட்டில் புல் வளர்க்கவில்லை. முழுக்கத் தார் போட்டுத் தளமாக்கி, கோல்களை வைத்துக் கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடந்தார்கள். அண்ணன் டேவ் ஆறு வயது மூத்தவர், கோலி. அண்ணன் செய்ததைத் தம்பியும் செய்ய ஆசைப்பட்டு டென்னிஸ் பந்தைத் தடுத்துத் தடுத்து அதிலேயே ஊறினார். டேவும் பின்னாளில் தேசிய ஹாக்கி லீக் வரை போனார். இன்றைக்கு எல்லா கோலிகளும் அணிகிற, கெட்டிக் கவசத்தின் முன்னால் கம்பிக்கூண்டு பொருத்திய முகமூடிக்கு வழிகாட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

மர்ரேயையும் அவர் மனைவி மார்கரெட்டையும் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1970-இல், ஏழைக் குழந்தைகள் படுத்துறங்கப் பாய், போர்வை, கொசுவலை போன்றவை அடங்கிய கட்டுகளைக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தை அவர்கள் தொடங்கினார்கள். முதல் கட்டுகள் போய்ச் சேர்ந்தது நம் புனே நகரத்துக் குழந்தைகளுக்கு. அது இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. டேவ் ஓய்வுபெற்ற பிறகு பல ஆண்டுகள் அதற்காக உழைத்தார். ஊர்ப்பிள்ளைகள் விளையாடத் தங்கள் பின்கட்டைத் திறந்துவிட்ட வீடு அது. பிள்ளைகள் இருவரும் அதே கைப்பழக்கத்தோடு வளர்ந்தார்கள்.

1964-இல், லீக் அணிகள் இளம் ஆட்டக்காரர்களுக்கான உரிமையைப் பங்கிட்டுக்கொள்ளும் தேர்வில், பாஸ்டன் புரூயின்ஸ் அணி கென் டிரைடனைத் தேர்ந்தெடுத்து, சில நாட்களிலேயே அந்த உரிமையை மான்ட்ரியலுக்கு மாற்றிவிட்டது. பாஸ்டன் தம்மைத் தேர்ந்தெடுத்த செய்தியே பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. மான்ட்ரியல் அவரைப் பீட்டர்பரோ ஜூனியர் அணிக்கு ஆடச் சொன்னது. அந்தக் காலத்தில் அதுதான் ராஜபாட்டை. கனடாவில் ஹாக்கியில் பேரெடுக்க ஆசைப்படும் பையன் பதினாறு பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போய், யாரோ ஒருவர் வீட்டில் தங்கி, பருவம் முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றி ஆடுவான். படிப்பு முடிந்தால் முடியும், இல்லாவிட்டால் இல்லை. அமெரிக்கக் கல்லூரிக்குப் போய்விட்டால் ஹாக்கி அவ்வளவுதான் என்பது பொதுக்கருத்து. ஆட்டங்கள் குறைவு, தரமும் குறைவு என்பார்கள். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடவே அன்றைய விதிகள் அனுமதிக்கவில்லை.

டிரைடன் பீட்டர்பரோவுக்குப் போக மறுத்துக் கார்னெலில் வரலாறு படிக்கப் போனார்.

நானும் மேற்படிப்புக்காகக் கார்னெலில் இருந்தவன். இத்தாகாவில் குளிர்காலம் நவம்பரில் வந்து உட்கார்ந்தால் ஏப்ரல் வரை எழுந்திருக்காது. நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் ஊரே ஒன்றுகூடுகிற இடம் லைனா ரிங்க். 1957-இல் திறந்த, நாலாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரக்கூடிய சின்ன அரங்கம். கூரை தாழ்வு, பெஞ்சுகள் நெருக்கம். ஒருவர் கத்தினால் எல்லோர் காதிலும் விழும். பருவச்சீட்டுக்காக மாணவர்கள் இரவெல்லாம் வரிசையில் படுத்துக் கிடப்பார்கள். எதிரணி ஆட்டக்காரர்களின் பெயர்களை அறிவிக்கும்போது அத்தனை பேரும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். கார்னெல் ஒரு கோல் அடித்தால் அரங்கம் முழுக்கக் கையை நீட்டி எதிர் கோலியைப் பார்த்து "சல்லடை! சல்லடை!" என்று கத்தும். ஹார்வர்டு வந்தால் மீன் பறக்கும். நிஜமான மீன், கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது, பனியில் வந்து விழும். முதல்முறை பார்த்தபோது நான் வாயைப் பிளந்து நின்றேன். பக்கத்தில் இருந்த, என் அப்பா வயதுடைய உள்ளூர்க்காரர் என் தோளைத் தட்டிச் சிரித்தார். கார்னெல் கோலி ஒரு நல்ல ஷாட்டைத் தடுத்தபோது அவரே கூரையைக் காட்டிச் சொன்னார்: "இங்கே யார் நின்றாலும் டிரைடன் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள் தம்பி, அது அவர்களுக்கும் தெரியும்." கூரையில் 1967, 1970 என்று இரண்டு தேசியக் கோப்பைகளின் பதாகைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த முதல் கோப்பைதான் டிரைடன் தந்தது. பயிற்சியாளர் நெட் ஹார்க்னஸ், கனடாப் பையன்களைத் தேடிப் பிடித்து வந்து அணியைக் கட்டியவர். டிரைடன் முதன்மை அணிக்கு வந்த முதல் பருவத்திலேயே, 1967-இல், கார்னெல் தேசியச் சாம்பியன் ஆனது. சிரக்யூஸ் நகரில் நடந்த அரையிறுதியில் வடக்கு டகோட்டாவுக்கு எதிராக 1-0. இறுதியாட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 4-1. இரண்டு பெரிய ஆட்டங்கள், ஒரே ஒரு கோல்தான் அவரைத் தாண்டிப் போனது. அந்தப் பருவம் முழுவதிலும் அவர் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

அடுத்த இரண்டு பருவங்களிலும் கோப்பை கைநழுவியது. 1969-இல் இறுதியாட்டம் வரை போய் டென்வரிடம் 4-3 என்று தோற்றார்கள். கல்லூரியில் அவருடைய கடைசி ஆட்டம் அதுதான். அடுத்த ஆண்டு அவர் இல்லாத கார்னெல் அணி 29 ஆட்டங்களையும் வென்று கோப்பையை எடுத்தது. தோல்வியும் இல்லை, சமனும் இல்லை. ஆண்கள் கல்லூரி ஹாக்கியின் தேசியச் சாம்பியன்களில் அதற்குமுன் யாரும் அப்படி ஆடியதில்லை, இன்றுவரை திரும்பவும் நடக்கவில்லை. டிரைடனை நேசிப்பவர்கள் இதை மறைத்துப் பேசுவதில்லை. கோலி பட்டம் பெற்றுப் போனபின்னும் தடுமாறாமல் நிற்கிற அணியாக அதைக் கட்டி வைத்ததில் அவர் பங்கும் உண்டு.

ஒரு கோலியின் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், அப்போதுதான் பின்னால் சொல்லப்போவது புரியும். பக்கை விளக்காகவும் கோலைச் சுவராகவும் நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டி நின்றால் உங்கள் நிழல் உங்கள் அளவுதான். விளக்கை நோக்கி நடக்க நடக்க நிழல் பெரிதாகிச் சுவரையே மூடிவிடும். கோலி முன்னால் ஏறி வருவது அதற்குத்தான். அடிப்பவன் கண்ணுக்கு வலை தெரியாமல் போகும். டிரைடன் போன்ற உயரமான ஆள் நாலடி முன்னே வந்தால் மறைக்க வேண்டிய இடம் ஏறக்குறைய மறைந்துவிடும். அவர் அதைக் கணக்குப்போட்டுச் செய்தார். பாய்ச்சலும் அந்தர் பல்டியும் அவர் ஆட்டத்தில் குறைவு. பக் வரும் இடத்தில் முன்கூட்டியே நிற்பார், பார்ப்பவருக்கு எளிதாகத் தெரியும்.

கார்னெல் முடிந்ததும் கனடாவின் தேசிய அணியில் கொஞ்சம், பிறகு மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பு. படித்துக்கொண்டே மான்ட்ரியலின் இரண்டாம் நிலை அணியில் ஆடினார். 1971 மார்ச்சில் பெரிய அணி கூப்பிட்டது. மார்ச் 20 அன்று பஃபலோவுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் கோலி காயம்பட, டிரைடன் இறங்கினார். எதிர்க் கோலில் அண்ணன் டேவ். லீகின் வரலாற்றில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர்க் கோலில் நின்றது அதுவே முதல் முறை. ஆட்டம் முடிந்ததும் இருவரும் தளத்தின் நடுவில் வந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். எட்டோபிகோவின் தார்த்தளத்தில் டென்னிஸ் பந்தோடு தொடங்கியது மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் வந்து நின்றது.

வழக்கமான பருவத்தில் அவர் ஆடியது ஆறே ஆட்டங்கள். ஆறையும் வென்றார். அந்த ஆறை மட்டும் பார்த்துவிட்டு, கோப்பைக்கான சுற்றில் அவரையே நிறுத்தினார்கள். எதிரே பாஸ்டன் புரூயின்ஸ். அந்த ஆண்டு 57 ஆட்டங்களை வென்று, 399 கோல் அடித்திருந்த அணி. ஃபில் எஸ்போசிட்டோ தனியாளாக 76 கோல். ஹாக்கியின் மாபெரும் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான பாபி ஓரும் அந்த அணியில்தான். இரண்டாம் ஆட்டத்தில் பாஸ்டன் 5-1 என்று முன்னே போனது. ஒரு சட்டக் கல்லூரி மாணவனுக்கு அது போதும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். பயிற்சியாளர் அவரை மாற்றவில்லை, அவரும் அசையவில்லை. மான்ட்ரியல் தொடர்ந்து ஆறு கோல் அடித்து 7-5 என்று வென்றது. முடிவைத் தீர்மானித்த ஏழாவது ஆட்டம் பாஸ்டனிலேயே, மான்ட்ரியலுக்கு 4-2 வெற்றி. எஸ்போசிட்டோ அவருக்கு வைத்த பேர் "திருட்டு ஒட்டகச்சிவிங்கி". கோல் என்று கையைத் தூக்கிய பிறகு எங்கிருந்தோ ஒரு நீளமான கையோ காலோ வந்து பறித்துக்கொண்டு போனால் அப்படித்தானே சொல்லத் தோன்றும்.

இறுதிச்சுற்றில் சிகாகோவையும் ஏழு ஆட்டங்களில் வென்றார்கள். கோப்பைக்கான ஆட்டங்கள் முழுவதிலும் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது டிரைடனுக்கு. அறிமுக ஆட்டக்காரருக்கான விருது அவருக்குக் கிடைத்தது அதற்கடுத்த ஆண்டு, 1972-இல். முதலில் ஊரையே வென்றுவிட்டு, பிறகுதான் புதுமுகம் என்று பெயர் வாங்கியவர்.

1972 செப்டம்பரில் சோவியத் யூனியனுக்கு எதிரான எட்டு ஆட்டத் தொடர். கனடா எட்டையும் வெல்லும் என்று பத்திரிகைகள் எழுதின. முதல் ஆட்டத்தில், மான்ட்ரியலில், டிரைடன் கோலில் நிற்க, சோவியத் 7-3 என்று வென்றது. வான்கூவரில் நாலாவது ஆட்டத்திலும் அவர்தான், 5-3 தோல்வி. சொந்த நாட்டுக் கூட்டமே கூச்சலிட்டது. மேலே சொன்ன நிழல் கணக்கு இங்கேதான் காலை வாரியது. சோவியத் ஆட்டக்காரர்கள் கிடைத்த இடத்திலிருந்து அடிப்பதில்லை. கோல் வரை வந்தும் குறுக்கே இன்னொருவருக்குத் தள்ளுவார்கள். விளக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாவினால், முன்னே ஏறிவந்து நிற்பவருக்குத் திரும்ப நேரம் இல்லை, பின்னால் சுவர் முழுக்கத் திறந்து கிடக்கும். டிரைடன் தம்மைச் சாம்பியனாக்கிய முறையையே மாற்றிக்கொண்டார். கோலுக்குள் பின்வாங்கி நின்றார். மாஸ்கோவில் ஆறாவது ஆட்டத்தை 3-2 என்றும், செப்டம்பர் 28 அன்று எட்டாவது ஆட்டத்தை 6-5 என்றும் கனடா வென்றபோது கோலில் நின்றவர் அவரே. கடைசி ஆட்டம் முடிய 34 நொடி இருக்கையில் பால் ஹெண்டர்சன் அடித்த கோலைக் கனடாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒரு மாதத்துக்குள் தம் பழக்கத்தைத் திருத்திக்கொண்ட அந்த மனம். படிக்கத் தெரிந்தவரால்தான் அது முடியும்.

1973-இல் மெக்கிலில் சட்டப் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு சம்பளப் பேச்சில் அணியோடு முறிந்தது. அப்போது லீகின் சிறந்த கோலி அவர்தான், விருதும் கையில் இருந்தது. ஆனாலும் பருவம் முழுக்க ஆடாமல் ஒதுங்கினார். டொரன்டோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி வழக்கறிஞராகச் சேர்ந்தார். வாரம் 134 டாலர் சம்பளம். ஆசைக்கு ஓர் உள்ளூர் லீகில் ஆடினார், அதுவும் கோலியாக இல்லாமல் தடுப்பாட்டக்காரராக. அவர் இல்லாத மான்ட்ரியல் முந்தைய ஆண்டைவிட ஐம்பதுக்கும் மேற்பட்ட கோல்களைக் கூடுதலாக வாங்கிக்கொண்டது. அடுத்த பருவம் அவர் கேட்ட மரியாதையோடு திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு இதுதான். கோப்பைகள் வந்த ஆண்டுகளைவிடப் பிடித்தது. கல்லூரிக்குப் போனால் ஹாக்கி கெடும் என்றவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. கையில் இன்னொரு தொழில் இருக்கிற ஆட்டக்காரனை யாரும் மிரட்ட முடியாது. அன்றைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேட்டைக் கழற்றினால் பிழைக்க வழியில்லை. முதலாளி நீட்டியதை வாங்கிக்கொள்வார்கள். டிரைடனுக்கு வழி இருந்தது. அந்த வழியைக் கார்னெலில் சேர்ந்த அன்றே அவர் போட்டுவிட்டார்.

திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது வெற்றி மேல் வெற்றி. 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நாலு கோப்பை. 1976-77 பருவத்தில் மான்ட்ரியல் 80 ஆட்டங்களில் எட்டில்தான் தோற்றது. டிரைடனின் மொத்தக் கணக்கு 397 ஆட்டம், 258 வெற்றி, 57 தோல்வி, 74 சமன். எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்காத ஆட்டங்கள் 46. தோற்ற ஆட்டங்களுக்கு அருகில் வருகிறது இந்த எண் என்பதைக் கவனியுங்கள். 1979-இல், 31 வயதில், உச்சியில் நிற்கும்போதே போதும் என்று இறங்கிவிட்டார்.

1980 பிப்ரவரியில் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் அணி சோவியத்தை 4-3 என்று வீழ்த்தியபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆல் மைக்கேல்ஸ் பக்கத்தில் அமர்ந்து விளக்கிக்கொண்டிருந்தவர் டிரைடன். அன்று அமெரிக்காவுக்குக் கோல் காத்த ஜிம் கிரெய்க் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 1967-இல் டிரைடன் கோப்பையைப் பறித்த அதே பல்கலைக்கழகம்.

1983-இல் வெளிவந்த அவருடைய 'தி கேம்' விளையாட்டைப் பற்றிய நூல்களில் தலைசிறந்த சிலவற்றுள் ஒன்று. கோப்பைக் கதைகளை எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான். அணிப் பேருந்து, உடைமாற்றும் அறை, களைப்பு, புகழ் ஒரு மனிதனை என்ன செய்கிறது என்கிற யோசனை, இவைதான் அதில் நிறைய. ஸ்டிக்கின் மேல் சாய்ந்து நின்ற நேரத்தில் எல்லாம் அவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று படிக்கும்போது தெரியும்.

பின்னாளில் டொரன்டோவுக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில், ஓர் ஆண்டு முழுவதும் வகுப்பறையின் பின்வரிசையில் உட்கார்ந்து, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்து ஒரு நூல் எழுதினார். கல்வியைப் பற்றிப் பேசுகிற எத்தனை பேர் அப்படி ஓர் ஆண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தலைவராகச் சில ஆண்டுகள் இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2004-இல் யார்க் சென்டர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போய் அமைச்சரானார். பத்து மாகாணங்களோடும் உட்கார்ந்து பேசி, குழந்தைகள் காப்பகங்களுக்கான நாடு தழுவிய ஒப்பந்தங்களை முடித்தார். 2006-இல் ஆட்சி மாறியது, வந்தவர்கள் அதை ரத்து செய்தார்கள். இளம் பெற்றோர்கள் இன்னொரு பதினைந்து ஆண்டு காத்திருந்தார்கள். 2021-இல்தான் நாளுக்குப் பத்து டாலர் காப்பகத் திட்டம் மறுபடி வந்தது. கனடாவில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்கள் பல இன்று அந்தப் பலனை அனுபவிக்கின்றன. அதற்கு முதல் வரைபடம் போட்ட கோலியின் பெயர் அவர்களில் சிலருக்காவது தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

கார்னெல் 2010-இல் அவருடைய ஒன்றாம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. இனி அந்த எண்ணை யாரும் அணிய முடியாது. மான்ட்ரியல் அவருடைய 29-ஐ 2007-லேயே அப்படிச் செய்திருந்தது. கல்லூரிக்குப் போனால் ஹாக்கி அவ்வளவுதான் என்ற பேச்சு இன்று யார் வாயிலும் வருவதில்லை. லீகில் ஆடுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இப்போது அமெரிக்கக் கல்லூரிகளின் வழியே வருகிறார். டிரைடன் ஒருவரே இதைச் செய்துவிடவில்லை. ஆனால் அந்த வழியில் போய் ஒருவர் எவ்வளவு உயரம் ஏறலாம் என்று கேட்டவர்களுக்கு, காட்டுவதற்கு அவர் இருந்தார். அவர் மறைந்தபோது கனடாவின் பிரதமர் மார்க் கார்னி. கார்னியும் கல்லூரி கோலிதான், ஹார்வர்டில் மாற்றுக் கோலியாக இருந்தவர். லைனாவில் மீனால் எறி வாங்கிய ஹார்வர்டிலிருந்து வந்தவரும் அன்று அஞ்சலி செலுத்தினார்.

கடைசிப் பத்து ஆண்டுகளில் அவர் விடாமல் பேசியது தலைக்காயத்தைப் பற்றி. ஸ்டீவ் மாண்டடார் என்ற ஆட்டக்காரர் 2015-இல் 35 வயதில் இறந்தார். திரும்பத் திரும்ப வாங்கிய அடிகளால் மூளை சிதைந்திருந்தது என்பது இறந்தபின் பரிசோதித்தபோது தெரிந்தது. மாண்டடாரின் வாழ்க்கையைத் துருவிப் படித்து, 2017-இல் டிரைடன் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் மருத்துவர்களை நோக்கிப் பேசவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் கொண்டவர்களை நோக்கிப் பேசினார். லீகின் ஆணையர் கேரி பெட்மனைப் பெயர் சொல்லியே கேட்டார். கோரிக்கை ரொம்ப எளியது: தலையில் அடித்தால் தண்டனை. தெரிந்து அடித்தாலும் தெரியாமல் அடித்தாலும், தோளால் அடித்தாலும் முழங்கையால் அடித்தாலும், சாக்குப்போக்கு எதுவும் கூடாது. ஸ்டிக்கின் நுனி முகத்தில் பட்டால், தற்செயலாகவே இருந்தாலும், தண்டனை உண்டு. தோள் பட்டால் மட்டும் ஏன் இவ்வளவு வாதம் என்று கேட்டார். வரலாறும் சட்டமும் படித்த கோலியின் கேள்வி அது.

தலையைக் குறிவைத்து அடிப்பதைத் தடுக்கும் விதியை லீக் 2010-இல் கொண்டுவந்தது. தலையில் படும் எல்லா அடிக்கும் தண்டனை என்பதை அது இன்னும் ஏற்கவில்லை.